கடைசியாக எழுதியது யார்?

கெர்னலுக்குள்ளே – 11

95 ஏஇ இ0 8டி ஏஎஃப் இ0 95 ஏஇ.

ஒரு பாயின்டர் (மெமரி முகவரி) இருக்க வேண்டிய இடத்தில் இந்த எட்டு பைட்டுகள் உட்கார்ந்திருந்தால், அதைத் தொடும் நொடியில் கெர்னல் விழுந்துவிடும். 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் லினக்ஸ் கெர்னலின் முகவரிகள் பொதுவாக ‘எஃப்எஃப்எஃப்எஃப்’ என்று தொடங்கும் என்று சென்ற வாரம் பார்த்தோம். ஹெக்ஸ் எண்ணில் 0 முதல் 9 வரையும், அதற்கு மேல் ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்துகளும் வரும் என்பதையும் அப்போதே சொன்னேன். 95 என்று தொடங்கும் முகவரி இந்தக் கணினிகளில் செல்லவே செல்லாது. சிப் அதைத் தொட மறுத்து, ‘ஜெனரல் புரொடெக்‌ஷன் ஃபால்ட்’ என்ற பிழையை எழுப்பும்.

இப்படி ஓர் எண்ணைப் பார்த்ததும் ‘ஏதோ குப்பை விழுந்திருக்கிறது’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது புதிதாக வேலைக்கு வருகிறவர்களின் வழக்கம். அந்த இடத்தில்தான் நான் நிறுத்துவேன். மெமரியில் தானாக எதுவும் முளைப்பதில்லை. அந்த எட்டு பைட்டுகளை யாரோ ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் கணக்கில் அது சரியான தகவல். எழுதப்பட்ட இடம்தான் அவருடையது அல்ல. ஆகவே ‘இது என்ன எண்?’ என்பதோடு நின்றுவிடாமல், ‘இங்கே கடைசியாக எழுதியது யார்?’ என்று கேட்க வேண்டும்.

கேட்டுப் பார்ப்போம். இந்தச் சிப்புகள் எண்ணின் கடைசி பைட்டைத்தான் மெமரியில் முதலில் வைக்கும். அதனால் மெமரியில் இருக்கிற வரிசை வேண்டுமென்றால் பின்னாலிருந்து படிக்க வேண்டும்: ஏஇ 95, இ0 ஏஎஃப் 8டி, இ0 ஏஇ 95. கெர்னல் டம்ப்பை, அதாவது விழுந்த கெர்னலின் மெமரி நகலைப் படிக்கும் தமிழருக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. யூனிகோட் தமிழின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் இ0. இரண்டாவது ஏஇ, இல்லையென்றால் ஏஎஃப். மூன்றுக்கு ஒருமுறை இ0 வந்துகொண்டே இருந்தால், அது பெரும்பாலும் நம் எழுத்து. இ0 ஏஇ 95 என்பது ‘க’. இ0 ஏஎஃப் 8டி என்பது மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளி. அப்படியானால் பாயின்டர் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது ‘க்க’. அதிலும் முதல் ‘க’வின் தலையான இ0 இல்லை, அது ஒரு பைட் முன்னால், பக்கத்து இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது எழுதியவர் எந்தத் திசையிலிருந்து வந்தார் என்று தெரிந்துவிட்டது. பாயின்டருக்கு முன்னால் பெயர் எழுதுவதற்காக 16 பைட் இடம் இருக்கிறது. அதில் யாரோ ‘வெள்ளக்கடை’ என்று எழுதியிருக்கிறார்கள். கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் பத்துக் குறி. மெமரியில் 30 பைட். ஆறு எழுத்துக்கு 16 பைட் தாராளம் என்று நினைத்து அளவு பார்க்காமல் நகல் எடுத்த ஒரு டிரைவர், பதினாறாவது பைட்டைத் தாண்டிப் பக்கத்துப் பாயின்டரின் மேலேயே எழுதிவிட்டது.

பாடத்துக்காக நான் அமைத்த உதாரணம் இது; ஏற்காடு மலையில் நான் இருக்கும் ஊரின் பெயரையே வைத்துக்கொண்டேன். ஆனால் 16 பைட் என்பது கற்பனை அல்ல. லினக்ஸில் ஓடும் ஒவ்வொரு பிராசஸின் பெயருக்கும் கெர்னல் ஒதுக்கும் இடம் அதுதான்: 15 பைட் பெயர், கடைசியில் ஒரு பூஜ்யம். கெர்னல் அங்கே அளவு பார்த்து வெட்டிவிடும். ‘வெள்ளக்கடை’ என்று பெயர் வைத்த ஒரு புரோகிராமை ஓடவிட்டால், பிராசஸ் பட்டியலில் அது ‘வெள்ள’ என்று நிற்கும். ஐந்து குறி, கச்சிதமாக 15 பைட். பெயர் குறைந்துபோனாலும் கணினி விழவில்லை. வெட்டாமல் எழுதும் டிரைவர்தான் ஆபத்து.

சரி, விழுந்துவிட்ட கெர்னலின் மெமரியை நாம் எப்படிப் பார்க்கிறோம்? கணினியை அணைத்துப் போட்டால் அத்தனையும் போய்விடுமே.

இதற்கான விடையில் பெங்களூருக்குப் பெரிய பங்கு உண்டு. பழைய டம்ப் கருவிகள் விழுந்த கெர்னலிடமே வேலையைக் கொடுத்தன: ‘உன் மெமரியை நீயே டிஸ்க்கில் எழுதிவிட்டுப் போ’. எந்தப் பகுதி கெட்டிருக்கிறது என்று தெரியாத ஒரு கெர்னல், தன் டிஸ்க் டிரைவரைக் கொண்டு எழுதுவது எவ்வளவு பெரிய துணிச்சல்! டிரைவரின் மெமரியே கெட்டிருந்தால் நல்ல ஃபைல்களின் மேல் எழுதிவிடும். பெங்களூரில் ஐபிஎம்மின் லினக்ஸ் டெக்னாலஜி சென்டரில் வேலை பார்த்த ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா, விவேக் கோயல் போன்றோர் உருவாக்கிய கேடம்ப், விழுந்த கெர்னலை நம்புவதையே விட்டுவிட்டது. கணினி தொடங்கும்போதே கொஞ்சம் மெமரியை ஒதுக்கி, அதில் இரண்டாவது கெர்னல் ஒன்றைத் தயாராக வைத்துவிடுவார்கள். முதல் கெர்னல் விழுந்ததும், எரிக் பீடர்மேன் எழுதிய கெக்செக் என்ற வசதி, கணினியை ரீசெட் செய்யாமல் இரண்டாவதற்குத் தாவும். தாவும் வழியில் பர்கேட்டரி என்ற சிறு நிரல் ஒன்று, இரண்டாவது கெர்னலின் பைட்டுகளையும் யாரும் கெடுத்துவிடவில்லையே என்று கணக்குப் போட்டுச் சரிபார்க்கிறது. பிறகு இரண்டாவது கெர்னல் தன் சிறிய இடத்துக்குள் ஓடிக்கொண்டே, முதல் கெர்னலின் மெமரி முழுவதையும் ஒரு ஃபைலாக நமக்குக் காட்டும். 2005 ஆகஸ்டில் லினக்ஸ் 2.6.13 பதிப்போடு இது வந்தது. இன்று லினக்ஸ் சர்வர் நடத்துகிறவர்கள் பலர் இதைப் பயன்படுத்துகிறார்கள். கெர்னல் துறையில் இந்தியாவிலிருந்து நடந்த வேலைகளில் இதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். தன் கண்ணையே சந்தேகிக்க வேண்டிய நேரத்தில் வேறொரு கண்ணைத் தயாராக வைத்திருப்பது சாதாரண யோசனை இல்லை.

டம்ப் கைக்கு வந்ததும் ‘கிராஷ்’ என்ற கருவியில் திறக்கிறோம். ஒரு முகவரியைக் கொடுத்தால், அது எந்த வகைப் பொருளுக்கு ஒதுக்கப்பட்ட இடம், இப்போது உபயோகத்தில் இருக்கிறதா, விடுவிக்கப்பட்டுவிட்டதா என்று சொல்ல அதில் ஒரு கட்டளை இருக்கிறது. அந்த முகவரியைத் தனக்குள் எழுதி வைத்திருக்கும் இடங்களை மெமரி முழுக்கத் தேடித் தர இன்னொரு கட்டளை. முதலாவது உரிமையாளரைச் சொல்கிறது. இரண்டாவது, அந்த இடத்தோடு இன்னும் உறவு வைத்திருப்பவர்களைக் காட்டுகிறது. பாதித் தகராறு இந்த இரண்டு பட்டியலுக்கும் நடுவில்தான் இருக்கும்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருக்கும் மிளகுக் கொடியைக் குத்தகைக்கு விடுவார்கள். குத்தகை முடிந்த பிறகும் பழைய குத்தகைதாரர் வந்து மிளகு பறித்தால், தகராறு மிளகைப் பற்றியது அல்ல, தேதியைப் பற்றியது. கெர்னலிலும் அடிக்கடி நடக்கும் தவறு இது. ஒரு பகுதி மெமரியை வாங்கி, வேலை முடிந்து திருப்பிக் கொடுத்த பிறகும், பழைய முகவரியைக் கையில் வைத்திருந்து அதில் எழுதுவது. அதற்குள் அந்த இடம் வேறொருவருக்குப் போயிருக்கும். விழுவது புதியவர், தப்பு செய்தது பழையவர். கிராஷ் ரிப்போர்ட்டில் புதியவரின் பெயர்தான் வரும். எத்தனையோ நல்ல டிரைவர்கள் இப்படிப் பழி சுமந்திருக்கின்றன.

பழையவரைப் பிடிக்கக் கெர்னலில் ஒரு வழி உண்டு. திருப்பிக் கொடுக்கப்பட்ட இடம் முழுக்க 6பி என்ற பைட்டை நிரப்பி, கடைசி பைட்டில் மட்டும் ஏ5 வைத்துவிடுவார்கள். ஒதுக்கியும் இன்னும் எதுவும் எழுதப்படாத இடத்துக்கு 5ஏ. இதற்குப் பெயர் பாய்சன், அதாவது விஷம். டீபக் வசதியைப் போட்டுக் கணினியைத் தொடங்கினால்தான் இது நடக்கும். வேகம் குறையும் என்பதால் எப்போதும் போட்டு வைப்பதில்லை. பாயின்டர் இருக்க வேண்டிய இடத்தில் 6பி 6பி 6பி 6பி என்று எட்டு முறை வந்தால், அங்கே திருப்பிக் கொடுத்த இடத்தை யாரோ படித்துக்கொண்டிருக்கிறார். கெர்னலின் சங்கிலிப் பட்டியலிலிருந்து கழற்றப்பட்ட கண்ணியின் பாயின்டரிலும் இப்படியே 64 பிட் கணினியில் ‘டிஇஏடி’ என்று தொடங்கும் செல்லாத முகவரி ஒன்றை வைத்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் ‘இறந்தது’ என்று படிக்கலாம். இந்த எண்களெல்லாம் கெர்னல் சோர்ஸில் ஒரே ஃபைலில் பட்டியலாக இருக்கின்றன. மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நாலைந்து டம்ப் பார்த்தால் கண்ணில் ஒட்டிக்கொள்ளும்.

அதே இடத்தை மறுபடி ஒதுக்கும்போது, 6பி எல்லாம் அப்படியே இருக்கிறதா என்று கெர்னல் சரிபார்க்கும். இல்லையென்றால் நடுவில் யாரோ எழுதியிருக்கிறார். ஒரு காலத்தில் இருந்த ‘ஸ்லாப்’ என்ற ஒதுக்கீட்டு முறையில் (2024-ல் 6.8 பதிப்போடு அதை எடுத்துவிட்டார்கள்) இந்தச் சோதனைக்குள் ஒரு கிளை இருந்தது. மாறியிருப்பது ஒரே ஒரு பைட், அதிலும் ஒரே ஒரு பிட் என்றால், ‘ராம் கெட்டிருக்கலாம், மெமரி டெஸ்ட் ஓட்டிப் பாருங்கள்’ என்று செய்தி போடும். மென்பொருள் மெமரியில் பொதுவாக ஒரு பைட்டாக, எட்டு பைட்டாக எழுதும். நடுவில் ஒற்றை பிட் மட்டும் புரண்டிருந்தால் சந்தேகம் வன்பொருள் பக்கம் போகிறது.

இந்த இடத்துக்கு வந்ததும் எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள். காஸ்மிக் கதிர்! மலையில் இருக்கிறவர்களுக்கு இதில் கூடுதல் ஆர்வம். காரணம் இல்லாமலும் இல்லை. விண்வெளியிலிருந்து வரும் துகள்கள் காற்று மண்டலத்தில் மோதிச் சிதறுவதால் உண்டாகும் நியூட்ரான்கள் சிப்பைத் தாக்கினால் பிட் புரளக்கூடும். ஐபிஎம் ஆய்வாளர்கள் கடல் மட்டத்திலும் உயர்ந்த மலை ஊர்களிலும் சிப்புகளை வைத்து ஆண்டுக்கணக்கில் எண்ணி, உயரம் கூடக்கூடப் பிழையும் கூடுவதை 1996-ல் விரிவாக வெளியிட்டார்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். காற்றின் கனம் குறைவதால் சென்னைக் கடற்கரையைவிட இங்கே நியூட்ரான் வரத்து இரண்டு, மூன்று மடங்காவது இருக்கும்.

ஆனால் நம் ஊர்களுக்கு ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. தென்னிந்தியா புவிக்காந்த நடுக்கோட்டை ஒட்டி இருக்கிறது. 1963-ல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததும் இதனால்தான். இங்கே பூமியின் காந்தப்புலம், ஆற்றல் குறைந்த காஸ்மிக் துகள்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 ஆய்வகம் 2,200 மீட்டர் உயரத்தில், ஆறு மீட்டர் நீளமுள்ள 3,712 எஃகுக் குழாய்களை அடுக்கி வைத்து, மியூவான் துகள்களை இரவும் பகலும் எண்ணுகிறது. அங்கே வந்து சேர்வது, காந்தப்புலத்தைத் துளைக்கும் ஆற்றலுள்ள துகள்களின் வாரிசுகள். 2015 ஜூன் 22-ல் சூரியனிலிருந்து வந்த பிளாஸ்மா மோதிப் பூமியின் காந்தக் கவசம் சிறிது நேரம் தளர்ந்தபோது, மியூவான் எண்ணிக்கை திடீரென்று ஏறியதை அந்தக் குழாய்கள்தான் பதிவு செய்தன.

இவ்வளவு தெரிந்தும், ஒற்றை பிட் புரண்டதும் காஸ்மிக் கதிரைச் சொல்வதை நான் ஏற்பதில்லை. கூகுளின் சர்வர்களில் இரண்டரை ஆண்டு திரட்டிய கணக்கை வைத்து பியாங்கா ஷ்ரோடரும் கூட்டாளிகளும் 2009-ல் எழுதிய ஆய்வைப் படியுங்கள். ஓராண்டில் எட்டு சதவீதத்துக்கும் மேலான மெமரி கார்டுகள் பிழை காட்டின. அவற்றில் பெரும்பகுதிக்குக் காரணம் கார்டே பழுதானது. வானத்திலிருந்து வரும் துகள் ஒரே பிட்டைத் திரும்பத் திரும்பத் தேடி வராது. பழுதான கார்டு அதே இடத்தில் மறுபடி மறுபடி தவறும்.

இதைவிட நுட்பமான பொறி ஒன்று 6பி-யிலேயே இருக்கிறது. இரும எண்ணில் 6பி என்பது 01101011. டம்ப்பில் 6பிகளுக்கு நடுவே ஒரே ஒரு 6ஏ வந்தால், அது 01101010. ஒற்றை பிட்தான் மாறியிருக்கிறது. ஸ்லாப் பார்த்திருந்தால் ‘ராம் கெட்டிருக்கலாம்’ என்றே சொல்லியிருக்கும். ஆனால் 6பி-யிலிருந்து ஒன்றைக் கழித்தாலும் 6ஏ-தானே! கெர்னலில் ஒரு பொருளை எத்தனை பேர் உபயோகிக்கிறார்கள் என்று எண்ணி வைக்கும் கவுன்ட்டர்கள் ஏராளம். ஒருவர் விலகும்போது ஒன்று குறையும். பொருள் திருப்பிக் கொடுக்கப்பட்ட பிறகு யாரோ தாமதமாக ‘நானும் விலகிவிட்டேன்’ என்று கவுன்ட்டரில் ஒன்றைக் குறைத்திருக்கிறார். அதன் கையெழுத்து அந்த 6ஏ. நான்கு பைட் கவுன்ட்டரின் முதல் பைட் இருக்கும் இடத்திலேயே 6ஏ நின்றால் சந்தேகமே வேண்டாம், ராமை மாற்றப் பணம் செலவழிக்கவும் வேண்டாம். கதிர்வீச்சுக்கு நம் கவுன்ட்டர் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

இனி இந்தத் துறையில் எனக்கு மிகப் பெரிய பாடமாக இருக்கும் வழக்குக்கு வருகிறேன்.

2008 செப்டம்பர். லினக்ஸ் 2.6.27 பதிப்பு வெளிவரும் முன், சோதனைப் பதிப்புகளைப் பலர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இன்டெல்லின் ஒருவகை நெட்வொர்க் சிப்பு உள்ள கணினிகளில் திடீரென்று நெட்வொர்க் போயிற்று. ரீபூட் செய்தாலும் வரவில்லை. பழைய கெர்னலைப் போட்டாலும் வரவில்லை. அந்தச் சிப்புக்கான அமைப்பு விவரங்களும் அடையாள எண்ணும் இருக்கும் ஃபிளாஷ் மெமரியே கெட்டுப்போயிருந்தது. அதன் முதல் 64 சொற்களைக் கூட்டினால் ‘பிஏபிஏ’ என்ற எண் வர வேண்டும் என்பது இன்டெல்லின் விதி. கூட்டல் தப்பியது, இ1000இ டிரைவர் ‘செக்சம் சரியில்லை’ என்று வேலை செய்ய மறுத்தது. மென்பொருள் பிழை ஒன்று கருவியையே முடக்கிவிட்டது. உபுன்டு, ஃபெடோரா, ஓப்பன்சூசே, மான்ட்ரிவா என்று ஒவ்வொன்றும் தன் சோதனையாளர்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று.

முதல் சந்தேகம் இயல்பாகவே இ1000இ டிரைவர் மேல். அதற்குச் சொந்தமான ஃபிளாஷ்தானே கெட்டது. அடுத்த சந்தேகம் கிராஃபிக்ஸ் மேல். திரை உறைந்து விழுந்த பிறகுதான் நெட்வொர்க் போயிற்று என்று சிலர் சொன்னார்கள். தேடுவதில் இருந்த கொடுமை, ஒவ்வொரு சோதனையும் ஒரு கணினியைப் பலி வாங்கக்கூடும் என்பது. இன்டெல் பொறியாளர்கள் ஃபிளாஷில் எழுதவே முடியாதபடி பூட்டும் ஒரு பேட்ச்சைக் கொடுத்தார்கள். குற்றவாளி கிடைக்கும் முன்பே பொருளைப் பாதுகாத்தது, இந்த வழக்கில் நடந்த மிகப் பொறுப்பான காரியம்.

தேடல் கடைசியில் போய் நின்ற இடம், நெட்வொர்க்குக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத எஃப்டிரேஸ். கெர்னலில் எந்த ஃபங்ஷன் எப்போது ஓடுகிறது என்று பார்க்க ஸ்டீவன் ராஸ்டெட் எழுதிய கருவி. அப்போது அது வேலை செய்த விதம் இப்படி: ஒவ்வொரு ஃபங்ஷனின் தொடக்கத்திலும் கம்பைலர் ஓர் அழைப்பைப் பதித்திருக்கும். ஃபங்ஷன் முதல்முறை ஓடும்போது அந்த இடத்தின் முகவரியை எஃப்டிரேஸ் குறித்துக்கொள்ளும். பின்னணியில் ஓடும் ஒரு வேலையாள் விநாடிக்கு ஒருமுறை எழுந்து, குறித்த இடங்களில் அழைப்பை எடுத்துவிட்டு, ஒன்றும் செய்யாத கட்டளையை வைக்கும்.

ஒரு மாட்யூல் ஏற்றப்படும்போது ஒரே ஒரு முறை ஓடும் தொடக்கப் பகுதி, ஓடி முடிந்ததும் மெமரியைத் திருப்பிக் கொடுத்துவிடும். எஃப்டிரேஸின் குறிப்பில் மட்டும் அந்த முகவரி இருந்துவிட்டது. 32 பிட் கெர்னலில் மாட்யூல்களின் நிரலும், கருவிகளின் ரிஜிஸ்டர்களும் ஒரே முகவரிப் பரப்பிலிருந்துதான் இடம் வாங்கும். விடுபட்ட அந்த முகவரி, இ1000இ சிப்பின் ஃபிளாஷ் ரிஜிஸ்டர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு வேலையாள் எழுந்தார்.

எஃப்டிரேஸ் அலட்சியமாக எழுதப்பட்டதல்ல. முகவரியில் பழைய அழைப்பு இன்னும் இருந்தால் மட்டுமே மாற்ற வேண்டும் என்று, ஒப்பிட்டுப் பார்த்து மாற்றும் ‘கம்பேர் அண்ட் எக்ஸ்சேஞ்ச்’ கட்டளையைத்தான் அது கொடுத்தது. ஒப்பீடு பொருந்தவில்லை, மாற்றவில்லை. ஆனாலும் எழுதியது! இன்டெல் சிப்பில் அந்தக் கட்டளை, ஒப்பீடு பொருந்தாவிட்டாலும் ஒரு முறை எழுதவே செய்யும்: படித்த மதிப்பையே திரும்ப எழுதும். சாதாரண ராமில் இருந்ததையே திரும்ப வைத்தால் எதுவும் மாறாது. கருவியின் ரிஜிஸ்டரில் எழுதுவது என்பதே கருவிக்கு இடும் உத்தரவு. ஃபிளாஷ் அதற்குக் கீழ்ப்படிந்து தன்னைத்தானே கெடுத்துக்கொண்டது.

இதில் எந்த எண்ணைப் பார்த்து என்ன கண்டுபிடித்திருக்க முடியும்? கெட்ட ஃபிளாஷில் எஃப்டிரேஸின் எண் எதுவும் கிடையாது. அது எழுத நினைத்த மதிப்பு அங்கே போய்ச் சேரவே இல்லை. கையெழுத்தே விடாத ஓர் எழுத்து அது. உள்ளடக்கத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் பதில் வராது. அந்த முகவரிக்கு முன்பு யார் சொந்தக்காரர், அவரை இன்னும் நினைவில் வைத்திருப்பது யார் என்று கேட்டவர்களுக்குத்தான் வழி திறந்தது.

2.6.27 அக்டோபர் 9-ல் வெளிவந்தது. 15-ஆம் தேதி வந்த 2.6.27.1-ல் எஃப்டிரேஸின் இந்தப் பகுதியை முடக்கினார்கள். 2.6.28-ல் அது வேறு வடிவில் திரும்பி வந்தது: ஓடும்போது முகவரி குறிக்கும் வேலை போய், கம்பைல் செய்யும்போதே பட்டியல் தயாரானது, விநாடிக்கு ஒருமுறை எழும் வேலையாளும் இல்லை.

கெர்னல் ஒவ்வொரு முறை மெமரியைத் தொடும்போதும் ‘இது இன்னும் உன்னுடையதா?’ என்று அந்த நொடியிலேயே கேட்டு நிறுத்தும் ஏற்பாடு ஒன்று 2015-ல் 4.0 பதிப்போடு வந்தது. காசான் என்று பெயர். எட்டு பைட்டுக்கு ஒரு பைட் வீதம் மெமரியை அதற்குக் கொடுக்க வேண்டும். அந்த ஒற்றை பைட்டில் அது என்ன எழுதி வைக்கிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)